நெல்ஸ் செய்த ஹாட்டிஷ்

பல்கலைக்கழகத்து டால்பெர்க் உணவுக்கூடத்துச் சமையலறையில் இன்டர்ன் என்றால் பெயரில் மட்டும்தான் மரியாதை. பயிற்சிக்கென்று கோடைக்கு வந்து கோடையோடு போகிற பிள்ளை. யாருக்கும் பிடிக்காத வேலையெல்லாம் தானாக நடந்து வந்து அதன் தலையில் ஏறி உட்காரும். பழரச இயந்திரத்தின் அடித்தட்டில் பிசுபிசுப்பா, இன்டர்ன். ஹாக்கி முகாமுக்கு வந்த பொடியன் எவனோ மேசைக்கு அடியில் பான்கேக்கை ஒட்டிவிட்டுப் போய்விட்டானா, இன்டர்ன். உணவுத்துறை இயக்குநர் டுவேன் பேசுவதற்கு மைக் பிடிக்க ஆள் வேண்டுமா, அதற்கும் இன்டர்ன்தான்.

சிக்னி ராஸ்க் இதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் உணவு மேலாண்மை படிக்கிறவள். ஆள் ஒல்லி, கொடுத்த வெள்ளைக் கோட்டு பெரிது. முதல் நாளே தலைமைச் சமையற்காரி பஹுவா வாங் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன் கோட்டுக்குள்ள இன்னும் ஒரு குடும்பமே இருக்கலாம் போலயேடி. வாடகைக்கு விட்டுரு, படிப்புச் செலவுக்கு ஆகும்."

பஹுவா, ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய மோங் இனத்துக்காரி. மினசோட்டாவில் அவளுடைய ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குப் பின்னால் தானே வளர்த்த மிளகாயைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவாள். பிள்ளைகளுக்காகச் சமைத்த சாப்பாட்டைத் தான் தின்னும்போது ஒரு கடி சாப்பாடு, ஒரு கடி மிளகாய். "இந்த ஊருக்காரங்க மிளகுத்தூளையே பயங்கரவாதின்னு நினைக்கிறாங்க" என்பாள்.

பழைய சிக்னியாக இருந்திருந்தால் அந்தக் கோட்டுப் பையில் மிளகாய்க்குப் பதிலாக ரப்பர் பல்லி இருந்திருக்கும். அவளும் அவள் அண்ணன் நெல்ஸும் ஊரையே ஒரு வழி பண்ணினவர்கள். பாதிரியாரின் பனிச்சறுக்கு வண்டிக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தது, நூலகத்து மான் தலைக்கு உதட்டுச்சாயம் பூசியது எல்லாம் அவர்கள் கைங்கரியம்தான். ஆனால் மார்ச் மாதத்துக்கு அப்புறம் சிக்னி யாரையும் ஏமாற்றவில்லை. சிரித்தாள், சிரிக்கிற இடத்தில். அவ்வளவுதான்.

மார்ச்சில் நடந்தது இதுதான். உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் மீன் பிடிக்கப் போட்ட குடில்களையெல்லாம், பனி இளகுவதற்கு முன்னால், கெடு தேதிக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று சட்டம். பக்கத்து வீட்டுக் கிழவருக்கு முதுகுவலி. "நீங்க டிவி பாருங்க, நான் இழுத்தாறேன்" என்று நெல்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஏரி முதலில் சரி என்றது. பாதி வழியில் மனசை மாற்றிக்கொண்டு பிளந்தது.

சாவு வீட்டுக்கு ஊரே ஹாட்டிஷ் கொண்டுவந்து குவித்தது. அங்கே வழக்கமே அதுதான். துக்கம் விசாரிக்க யாருக்கும் வாய் வராது, ஒரு தட்டு ஹாட்டிஷை நீட்டிவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். அரைத்த மாட்டிறைச்சியை வதக்கி, டப்பாக் காளான் சூப்பைக் கொட்டி, பீன்ஸைப் போட்டு, மேலே குட்டிக் குட்டி உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஓவனில் வைத்தால் முடிந்தது. எந்த வீட்டில் தின்றாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குளிர்பெட்டிக் கதவு மூடாத அளவுக்கு வந்து சேர்ந்ததில் ஒவ்வொன்றையும் சிக்னி ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தாள். ஒன்றிலும் நெல்ஸ் இல்லை.

நெல்ஸ் செய்தது வேறு. அம்மா, சிக்னி சின்னப் பெண்ணாக இருக்கும்போதே, "எனக்கு இந்தப் பனி ஒத்துக்கல" என்று அரிசோனாவுக்குப் போய்விட்டாள். பனியோடு சேர்த்து இவர்களும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அப்பா ஆர்லன் மாவட்டத்துப் பனிவாரி லாரிகளைப் பழுதுபார்க்கிறவர். பனி கொட்டினால் லாரி ஓடும், லாரி ஓடினால் உடையும், உடைந்தால் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். அப்போது மீசைகூட முளைக்காத நெல்ஸ்தான் கரண்டியைக் கையில் எடுத்தான். அவனுக்குத் தெரிந்தது அந்த ஒன்றே ஒன்று. அதில் எல்லாரும் போடுகிறதைப் போட்டான். அதற்குமேல் என்னவோ ஒன்றையும் போட்டான். அடியில், கடைசியில், தொண்டைக்குள் இறங்குகிற நேரத்தில் அது வந்து எட்டிப் பார்க்கும்.

"டேய் அண்ணா, இதுல என்னதான்டா போடுற?"

"உன் பழைய சாக்ஸு. ஊறவெச்ச தண்ணி."

அடுத்த வாரம் கேட்டால் பக்கத்து வீட்டு நாயின் பிஸ்கட் என்பான். அதற்கடுத்த வாரம், "நீ கணக்குல எடுத்த மார்க்க எரிச்ச சாம்பல்டி. கம்மியாத்தான் கெடச்சுது, அதான் லேசா வாசன வருது." எத்தனை வருஷம் கேட்டாலும் பதில் மாறிக்கொண்டே இருந்ததே தவிர உண்மை வரவில்லை. அவளும் விட்டுவிட்டாள். எங்கே ஓடிவிடப் போகிறது, ஒரு நாள் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பயிற்சி முடிக்கிற ஒவ்வொரு இன்டர்னும் ஒரு புதுச் சாப்பாட்டைத் தயார்செய்து கடைசி நாளில் பரிமாற வேண்டும். நன்றாக இருந்தால் இலையுதிர் பருவத்தில் அது பல்கலைக்கழகத்து உணவுப் பட்டியலில் ஏறும். மற்றவர்கள் கடற்பாசி, கீன்வா என்று வாயில் நுழையாததையெல்லாம் சொன்னார்கள். சிக்னி, "நெல்ஸின் ஹாட்டிஷ்" என்றாள், நெல்ஸ் யாரென்றும் சொன்னாள்.

டுவேனுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மனுஷன், கொஞ்சம் சத்தம் அதிகம். "உள்ளூர் ருசி! பின்னால ஒரு கதை! அண்ணன் பேரையே உணவுப் பட்டியல் அட்டையில போட்டுரலாம்மா. ஒண்ணே ஒண்ணு. உள்ள என்னென்ன இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதணும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்காதுன்னு நமக்குத் தெரியாது பாரு. இங்க ரகசியப் பொருள்ங்கற பேச்சே கெடையாது."

"ரகசியம் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் சிக்னி. "ஆனா அது எனக்கே தெரியாது."

பஹுவாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். பட்டியலில் ஏறுவதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. வீட்டில் தனியாகச் செய்து பார்த்தாள், வரவில்லை, மொத்தத்தையும் குப்பையில் கொட்டினாள். இங்கே உலகத்தில் உள்ள எல்லா மசாலாவும் இருக்கிறது, பெரிய ஓவன் இருக்கிறது, பஹுவா இருக்கிறாள். "இன்னும் ஒரே ஒரு வாய், அவன் செஞ்ச மாதிரியே. அது போதும் எனக்கு."

பஹுவா கத்தியைத் துடைத்து வைத்தாள். "நாளையிலேர்ந்து மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் வா. பாத்திரம் நீதான் கழுவணும்."

முதலில் எல்லாரும் செய்கிற சாதா ஹாட்டிஷையே ஒரு சின்னத் தட்டில் வைத்தார்கள், அதிலிருந்து ஆரம்பிக்கலாமென்று. சிக்னி ஒரு வாய் வைத்து உடனே துப்பினாள். "சாவு வீட்டு ருசி. இது இல்ல." அதற்குப் பிறகு தினம் ஒன்று. கடுகு போட்டார்கள், ஊறுகாய்த் தண்ணீர் ஊற்றினார்கள், ஜாதிக்காய் உரசினார்கள். அந்த நாட்களில் சிக்னியின் நாக்குக்கு நீதிபதியைப் போல் ஒரு நிமிர்வு இருந்தது. வைத்தவுடன் தீர்ப்பு வரும்: இல்லை. இல்லை. இல்லவே இல்லை. ஒரு தடவை வெங்காயத்தைக் கருக விட்டு, பழைய காப்பி டிகாஷனைக் கொஞ்சம் விட்டபோது மட்டும் நின்றாள். "கிட்ட வந்துருச்சு. பக்கத்துத் தெருவுல இருக்கு." அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது பாட்டெல்லாம் பாடினாள்.

மிச்சத்தையெல்லாம் ஹாக்கிப் பையன்கள் தின்றார்கள். அவர்களுக்குத் தட்டையே வைத்தாலும் தின்பார்கள்.

ஜூலை போயிற்று. கோழிச்சாறு, புகையிட்ட மிளகாய்த்தூள், பீர், சோயா சாஸ். பஹுவா தன் வீட்டிலிருந்து மீன் சாஸ்கூடக் கொண்டுவந்தாள். "உங்க அண்ணன் ரகசியமா மோங்காரனா இருந்திருப்பானோ என்னவோ." சிக்னி சிரித்தாள். ஆனால் தீர்ப்பு இப்போது பழைய மாதிரி சட்டென்று வருவதில்லை. ஒரு வாய் வைப்பாள், யோசிப்பாள், இன்னொரு வாய் வைப்பாள். "கிட்டதான்னு நினைக்கிறேன்" என்பாள். மறுநாள் முற்றிலும் வேறொன்றைத் தின்றுவிட்டு அதையும் கிட்ட என்பாள்.

பஹுவாவுக்கு ஒரு குறும்பு தோன்றியது. மனசில் கல்மிஷம் ஒன்றும் இல்லை. இந்தப் பெண் ஒரு காலத்தில் பெரிய ஏமாற்றுக்காரியாமே, அவளையே ஒரு தடவை ஏமாற்றிச் சிரிக்க வைப்போம் என்ற எண்ணம்தான். முதல் நாள் சிக்னி துப்பிய அதே சாதா ஹாட்டிஷைச் செய்தாள். டப்பா சூப், இறைச்சி, பீன்ஸ், உருண்டை. வேறொன்றும் இல்லை. மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு வந்து வைத்தாள். பாத்திரம் கழுவுகிறவர்களிடம் கண்ணைக் காட்டினாள். அவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"இன்னைக்கு ஒண்ணு புதுசா போட்டிருக்கேன். தின்னு பாத்துச் சொல்லு."

சிக்னி ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். மூடிய கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கியது. "இதுதான்" என்றாள். "பஹுவா, இதுதான். இதேதான். கண்டுபிடிச்சிட்டீங்க." கரண்டியோடு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விவரம் தெரியாத ஒருவன் பின்னாலிருந்து கைதட்டினான். மற்றவர்கள் மெல்ல நழுவினார்கள்.

பஹுவாவின் வாயில் தயாராக வைத்திருந்த சிரிப்பு அங்கேயே செத்தது. சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் சிக்னி முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்துவிட்டாள்.

"என்ன போட்டீங்க? அட்டையில எழுதணுமே."

பஹுவா மூடிவந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"சும்மா சொல்லுங்க. அவன மாதிரியே நீங்களும் வெளையாடாதீங்க."

"ஒண்ணும் போடலடி" என்றாள் பஹுவா. குரல் அவளுடையதாகவே இல்லை. "மொத நாள் செஞ்சது. நீ துப்புனியே, அது. சும்மா ஒரு வெளையாட்டுக்கு... நீ கண்டுபிடிச்சித் திட்டுவேன்னு நெனச்சேன்."

சிக்னி இன்னொரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். இன்னொன்று. தன் பாக்கெட்டிலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போனதை அதே பாக்கெட்டில் தேடுகிற மாதிரி தின்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நடந்து போய்ப் பெரிய குளிர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஹுவா உள்ளே போனபோது அவள் கீரைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மறந்துட்டேன்" என்றாள். "அவன் செஞ்சது எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல. ஜூன்ல தெரிஞ்சுது. சத்தியமா தெரிஞ்சுது. தினம் ஒண்ணு தின்னு தின்னு, அவனோடதுக்கு மேல நானே வெள்ளையடிச்சிட்டேன். சும்மா இருந்திருந்தா இருந்திருக்கும்."

சமாதானம் சொல்லுகிற பழக்கம் பஹுவாவுக்கு இல்லை. பெட்டியில் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து இரண்டாக உடைத்துப் பாதியை நீட்டினாள். "இந்தா, தின்னு. வெளிய போய் ஏன் அழுறேன்னு கேட்டா சொல்றதுக்காவது ஒண்ணு இருக்கும்."

இரண்டு பேரும் தின்றார்கள். இரண்டு பேர் மூக்கும் ஒழுகியது.

கொஞ்ச நேரம் கழித்து சிக்னி நிமிர்ந்தாள். "அப்பாவும் தின்னிருக்காரே. அத்தன வருஷம் அதத்தான தின்னாரு. அவருக்குத் தெரியும்."

கடைசி நாளில் வீட்டு ஆட்களை அழைக்கலாம். அப்பாவுக்கு போன் செய்தாள். பரிமாறுவது எது என்பதில் சந்தேகமே இல்லை: கருகிய வெங்காயமும் காப்பி டிகாஷனும் விட்டது. நாக்கு நாக்காக இருந்த காலத்தில் பக்கத்துத் தெரு வரை வந்தது அது ஒன்றுதான். தெருவின் பெயரை அப்பா சொல்லட்டும், வீட்டை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் கருக வேண்டுமா, இன்னும் ஒரு சொட்டு விட வேண்டுமா, அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்றைக்கு எக்காளம், முரசு கற்றுக்கொள்ள வந்த முகாம் பிள்ளைகள் கூடம் முழுக்க நிரம்பியிருந்தார்கள். டுவேன் மைக்கில் பேசினார். இன்டர்ன்களுக்குப் பலகை அளவில் ஒரு கேக், அதன்மேல் நீல க்ரீமில் நன்றி. கடற்பாசிக்காரன் தட்டைப் பிள்ளைகள் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஹாட்டிஷுக்கு முன்னால் வரிசை கதவு வரை நின்றது. கண்ணாடி போட்ட ஒரு குண்டுப் பயல் மறுபடியும் மறுபடியும் வந்தான். "எங்கம்மா செய்யிறதவிட நல்லாருக்கு. ஆனா நீங்க சொல்லிறாதீங்க, அவங்க அங்க ஒக்காந்திருக்காங்க."

ஆர்லன் துவைத்த கட்டம் போட்ட சட்டையில் வந்தார். நகத்தில் மட்டும் கிரீஸ் போகவில்லை. சிக்னியே தட்டில் போட்டு, ஓரத்து மேசையில் உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். பஹுவா அடுப்பைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தொப்பியைக் கழற்றி வைத்தார். ஒரு வாய் தின்றார். இன்னொன்று.

"நல்லாருக்கும்மா."

"நல்லாருக்கான்னு கேக்கலப்பா. இதுதானான்னு கேக்குறேன்."

"எது?"

"நெல்ஸ் செஞ்சது. இது மாதிரிதான் இருந்துச்சா? எதாச்சும் கொறையுதா? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமே இல்ல."

அப்பா கரண்டியைப் பார்த்தார். பிறகு வெளியே புல்வெளியைப் பார்த்தார். அந்த ஊர் ஆண்பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். சிக்னி காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"அத்தன வருஷம் தின்னீங்களேப்பா!"

"நான் வர்றதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் தூங்கிருப்பீங்க. எனக்குன்னு ஒரு தட்டு ஓவனுக்குள்ள வெச்சிருப்பான், மேல தாள் போட்டு. அது காஞ்சு செருப்புத் தோலு மாதிரி ஆயிருக்கும். நான் கெச்சப்ப ஊத்தி, பூட்ஸக்கூடக் கழட்டாம நின்னுக்கிட்டே தின்னுட்டுப் படுத்துருவேன்." தொப்பியை எடுத்துக் கையில் திருப்பினார். "நான் பசிக்குத் தின்னேன்மா. ருசிக்குத் தின்னது நீ மட்டுந்தான்."

உலகத்தில் அந்த ருசி தெரிந்த ஆட்கள் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவன் ஏரிக்குள் போனான். இன்னொருத்தி அதை வெளியே கொண்டுவரப் போய், கையிலிருந்ததையும் நழுவ விட்டாள்.

டுவேன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "சிக்னி! கதவு வரைக்கும் வரிச, பாத்தியா? செப்டம்பர்லேர்ந்து வாரா வாரம் போடறோம். நீங்கதான் அப்பாவா? பொண்ணு தங்கம்ங்க. அட்டை அச்சுக்குப் போகுது, 'நெல்ஸின் ஹாட்டிஷ்'னே போட்டுரவா?"

"நெல்ஸை எடுத்துருங்க" என்றாள் சிக்னி. "சும்மா ஹாட்டிஷ்னு போடுங்க."

"அந்தப் பேருதாம்மா அழகே! பிள்ளைங்களுக்கு அது ஒரு..."

"அது அவன் செஞ்சது இல்லீங்க. பிள்ளைங்க அவன் இப்படித்தான் செஞ்சான்னு நெனச்சுக்கும்."

டுவேன் அவள் முகத்தைப் பார்த்தார். சத்தம் அதிகமுள்ள மனுஷன்தான், ஆனால் முட்டாள் இல்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார், மெதுவாக.

கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். பஹுவா அதை வாங்கிக்கொண்டு விடாமல் நின்றாள். "அடுத்த கோடைக்கு வருவியாடி?"

"வருவேன்."

"பொய்."

"ஆமா, பொய்தான்."

பஹுவா அவளை இழுத்து நெஞ்சில் வைத்து அழுத்தினாள், எலும்பு முறிகிற மாதிரி. பிறகு திருப்பிவிட்டுத் தள்ளினாள். "போ. உங்கப்பா நிக்கிறாரு பாரு."

லாரியில் ஏறி உட்கார்ந்தார்கள். ஆர்லன் சாவியைப் போட்டார், திருகவில்லை. முகாம் பிள்ளைகள் எங்கோ முரசை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள், தாளம் சேரவில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படிம்மா இருக்கும்?" என்றார். "அவன் செஞ்சது. ஓவன்லேர்ந்து எடுத்தவுடனே தின்னா."

சிக்னி வாயைத் திறந்தாள். சமையலறை ஞாபகம் வந்தது, அவன் முதுகு ஞாபகம் வந்தது, ஒரு வாய் வைத்தவுடன் இரண்டு பேரும் ஆ ஆ என்று வாயைத் திறந்துகொண்டு கையால் விசிறிக்கொண்டது ஞாபகம் வந்தது. நாக்கில் மட்டும் ஒன்றும் இல்லை.

"சூடா இருக்கும்ப்பா" என்றாள்.

அப்பா தலையாட்டினார். அதை முழுசாக வாங்கிக்கொண்டவர் போல இன்னொரு தடவையும் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.